பாதி வேலையில் வந்து நிற்பவருக்கு: மென்பொருள் ஆவணங்கள் இன்று எப்படி எழுதப்படுகின்றன

காப்புப்பிரதி எடுக்கும் மென்பொருள் ஒன்றைப் பல மாதங்களாகப் பயன்படுத்திவந்தேன். ஒருநாள் வன்தட்டு பழுதாகிவிட்டது. கோப்புகளை மீட்க வேண்டிய அந்த நேரத்தில்தான் மென்பொருளின் கையேட்டை முதன்முறையாகத் திறந்தேன். காப்புப்பிரதி எடுப்பது எப்படி என்பதற்கு ஆறு பக்கங்கள் இருந்தன. ஒவ்வொரு தேர்வுப்பெட்டியும் படத்தோடு விளக்கப்பட்டிருந்தது. மீட்பதற்கு ஒரே ஒரு வரிதான்: “தேவைப்படும்போது கோப்புகளை மீட்டெடுத்துக்கொள்ளலாம்.” புதிய கணினியில் முதலில் எதை நிறுவ வேண்டும், கடவுச்சொல் கேட்டால் எந்தக் கடவுச்சொல்லைத் தர வேண்டும், மீட்கும்போது பழைய கோப்புகள் அழியுமா என்ற கேள்விகளில் ஒன்றுக்கும் அங்கே பதில் இல்லை. இரவு முழுவதும் முயன்றும் முடியாமல், மறுநாள் நண்பகலில்தான் கோப்புகள் கைக்கு வந்தன.

அந்தக் கையேட்டை எழுதியவர் உழைப்புக்கு அஞ்சியவராகத் தெரியவில்லை. ஆறு பக்கங்களிலும் கவனம் இருந்தது, படங்கள் தெளிவாக இருந்தன, சொற்பிழை ஒன்றுகூட இல்லை. அவர் மென்பொருளைத் திறந்துவைத்துக்கொண்டு, திரையில் கண்டதை மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டே போயிருக்கிறார். காப்புப்பிரதித் திரையில் பன்னிரண்டு பொத்தான்கள் இருந்தன, அதனால் ஆறு பக்கங்கள். மீட்புத் திரையில் இருந்தது ஒரே பொத்தான், அதனால் ஒரு வரி. பொத்தான்களின் எண்ணிக்கைக்கும் பயனரின் கலக்கத்துக்கும் தொடர்பே இல்லை என்பது, திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தெரிய வழியில்லை.

மென்பொருள் ஆவணங்கள் பற்றிய இன்றைய முறைகள் பலவாக இருக்கின்றன. அவற்றுக்குப் பெயர்களும் பள்ளிகளும் கருவிகளும் உண்டு. ஆனால் அவை எல்லாம் ஒரே உண்மைக்குச் சொல்லப்பட்ட பதில்கள் என்றே நான் கருதுகிறேன். ஆவணத்தைத் திறப்பவர் ஏற்கெனவே ஒரு வேலையின் நடுவில் இருக்கிறார், எங்கோ தடைபட்டிருக்கிறார், படிப்பதற்காக வரவில்லை.

கற்பவர்களைக் கவனித்தவர்கள்

இந்த உண்மையை முதலில் பொறுமையாக உட்கார்ந்து கவனித்தவர்களுள் முக்கியமானவர் ஜான் கரோல். 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் ஆய்வு மையத்தில், அலுவலகப் பணியாளர்கள் சொற்செயலியைக் கற்றுக்கொள்வதை அவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். கற்பவர்களிடம், மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலை செய்யும்படி கேட்டுக்கொண்டார்கள். அன்றைய பயிற்சிக் கையேடுகள், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒழுங்காகப் படித்து, ஒவ்வொரு பயிற்சியையும் வரிசையாகச் செய்யும் ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அப்படி ஒருவர் அந்த ஆய்வறையில் அகப்படவில்லை. கற்பவர்கள் முன்னுரையைத் தாண்டிச் சென்றார்கள். பாதியில் புத்தகத்தை வைத்துவிட்டுத் தாமாகவே எதையாவது முயன்று பார்த்தார்கள். தவறு செய்தார்கள், அதிலிருந்து வெளியேறத் தெரியாமல் மேலும் தவறு செய்தார்கள். கையேடோ அவர்கள் தவறே செய்யாதவர்களைப் போல அடுத்த படியைச் சொல்லிக்கொண்டிருந்தது.

1987இல் கரோலும் மேரி பெத் ரோசனும் இதை ஒரு முரணாக விளக்கினார்கள். சிறிது நேரம் ஒதுக்கிப் படித்தால் பிறகு நிறைய நேரம் மிச்சமாகும் என்பது பயனருக்கே தெரியும். ஆனாலும் கையில் இருக்கும் வேலையை முடிக்கும் உந்துதல் படிப்பை ஓரங்கட்டிவிடுகிறது. கூடவே, புதியதைத் தமக்குத் தெரிந்த பழையதைக் கொண்டே அவர்கள் புரிந்துகொள்கிறார்கள். சொற்செயலியைத் தட்டச்சுப் பொறியாக நினைத்துக்கொள்கிறவர் அதற்கேற்ற தவறுகளையே செய்வார். இது பயனரின் குறை என்று முகம் திருப்பிக்கொள்வது எளிது. கரோல் அப்படிச் செய்யவில்லை. மனிதர்கள் இப்படித்தான் என்றால் கையேடு அதற்கு ஏற்ப மாற வேண்டும் என்றார். அதிலிருந்து பிறந்ததுதான் மினிமலிசம் என்று அழைக்கப்படும் குறைமொழி அணுகுமுறை.

பின்னாளில் ஹான்ஸ் வான் டெர் மெய்யும் கரோலும் சேர்ந்து 1995இல் அதன் கொள்கைகளை நான்காக வகுத்தார்கள். பயனரை உடனே செயலில் இறக்குவது, அவருடைய உண்மையான வேலையிலிருந்தே எடுத்துக்காட்டுகளை அமைப்பது, தவறை அடையாளம் காணவும் அதிலிருந்து மீளவும் உதவுவது, செய்வதற்காகப் படித்தாலும் தேடுவதற்காகப் படித்தாலும் கைகொடுக்கும்படி எழுதுவது என்பவை அவை. ‘மினிமல்’ என்ற பெயரைப் பார்த்துப் பலர் இதைச் சொற்களைக் குறைக்கும் கலையாக மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தவறான புரிதல் நிறைய கெடுதல் செய்திருக்கிறது என்பது என் எண்ணம். என்னுடைய கையேட்டில் மீட்பது பற்றி இருந்த ஒற்றை வரியும் குறைவான சொற்களால் ஆனதுதான். கரோலின் குழு வெட்டியது முன்னுரைகள், பாராட்டுரைகள், சொன்னதையே திரும்பச் சொல்லும் தொகுப்புரைகள் ஆகியவற்றை. தவறிலிருந்து மீளும் வழியை அவர்கள் வெட்டவில்லை, சேர்த்தார்கள். கற்பவர் சறுக்கும் இடங்களை முன்கூட்டியே கவனித்து, சறுக்கியபின் திரை எப்படித் தோன்றும், திரும்ப எப்படி வருவது என்பதை அந்த இடத்திலேயே எழுதினார்கள்.

நன்னூலின் பாயிரம் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. அவற்றில் முதலாவது குன்றக் கூறல், அடுத்தது மிகைபடக் கூறல். இரண்டும் அருகருகே நிற்பது எனக்கு எப்போதும் முக்கியமாகத் தோன்றும். ஒரே கையேடு ஆறு பக்கங்களில் மிகைபடவும் ஒரு வரியில் குன்றவும் கூற முடியும் என்பதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

நான்கு தேவைகள்

ஆவணத்தை எப்படிப் பகுப்பது என்ற கேள்விக்கு இன்று பரவலாக ஏற்கப்பட்டிருக்கும் பதில், டானியேலே புரோசிடா வகுத்த டயாடாக்சிஸ் என்னும் சட்டகம். வலைத்தளங்களை உருவாக்க உதவும் ஜாங்கோ என்ற திறமூல மென்பொருளின் (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருளின்) ஆவணங்களோடு தொடர்புடைய சமூகத்திலிருந்து வந்தவர் அவர். 2017 வாக்கில் இதைப் பொதுவெளியில் விளக்கத் தொடங்கினார். ஆவணம் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பதற்குள் நான்கு வேறு பொருள்கள் இருக்கின்றன, அவை நான்கு வேறு தேவைகளுக்குப் பிறந்தவை, ஒன்றோடொன்று கலந்தால் நான்குமே கெடும் என்பது அவருடைய வாதம்.

என்னுடைய காப்புப்பிரதி மென்பொருளையே எடுத்துக்கொள்ளலாம். முதல்முறை அதைத் தொடுபவருக்கு ஒரு பயிற்சிப் பாடம் வேண்டும். பயிற்சிக்கென்று ஒரு கோப்புறை உருவாக்குங்கள், அதில் மூன்று கோப்புகளை வையுங்கள், காப்புப்பிரதி எடுங்கள், ஒரு கோப்பை அழியுங்கள், இப்போது அதை மீட்டெடுங்கள். அழிந்த கோப்பு திரும்பி வருவதைத் தன் கண்ணால் பார்த்த பயனருக்கு அந்த மென்பொருள்மீது ஒரு பிடிப்பு ஏற்பட்டுவிடும். இந்தப் பாடத்தில் தேர்வுகள் இருக்கக் கூடாது, கிளைவழிகள் இருக்கக் கூடாது, சொன்னபடி செய்தால் ஒவ்வொரு முறையும் சொன்னபடி நடக்க வேண்டும். கற்பவர் வெற்றி பெறுவதற்கு எழுதியவரே முழுப் பொறுப்பு.

செய்முறை வழிகாட்டி வேறு. பெரிய ஒளிப்படக் கோப்புறையைக் காப்புப்பிரதியிலிருந்து விலக்குவது எப்படி என்று கேட்டு வருபவருக்கு மென்பொருள் ஏற்கெனவே தெரியும், இலக்கும் தெரியும். அவருக்குப் படிகள் மட்டும் போதும். ஆனால் அவருடைய சூழல் நமக்குத் தெரியாது என்பதால் இங்கே கிளைவழிகள் அவசியமாகின்றன: கோப்புறை வெளிவட்டில் இருந்தால் இப்படி, வலையமைப்பில் இருந்தால் அப்படி. பயிற்சிப் பாடத்தையும் செய்முறை வழிகாட்டியையும் குழப்பிக்கொள்வதுதான் நான் அதிகம் காணும் கோளாறு. இரண்டிலும் படிகள் வரிசையாக எண்ணிடப்பட்டிருப்பதால் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. முதலாவது கையைப் பிடித்து நடத்துகிறது, இரண்டாவது வழி கேட்பவருக்கு வழி சொல்கிறது.

மூன்றாவதான உசாத்துணை (ரெஃபரன்ஸ்) அகராதி போன்றது. மென்பொருளில் மாற்றக்கூடிய ஒவ்வொரு அமைப்புக்கும் இயல்பான மதிப்பு என்ன, அதிகபட்ச அளவு என்ன, நேரம் விநாடியிலா நிமிடத்திலா என்பதை மாறாத ஒரே வடிவில் தர வேண்டும். இங்கே அழகு தேவையில்லை. நான்காவது விளக்கம்: பழைய காப்புப்பிரதி ஒன்றை அழித்தால் வட்டில் ஏன் இடம் பெரிதாகக் கூடுவதில்லை? மாறிய பகுதிகளை மட்டும் சேமிப்பதால் என்ன ஆதாயம், என்ன ஆபத்து? இவற்றை அவசரமில்லாத ஒரு வேளையில் படிக்கலாம்.

பயிற்சிப் பாடத்தின் மூன்றாம் படியில், மாறிய பகுதிகளை மட்டும் சேமிக்கும் தத்துவத்தை இரண்டு பத்திகளுக்கு விவரிக்கும் எழுத்தாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நன்னூல் இதற்கும் பெயர் வைத்திருக்கிறது: மற்றொன்று விரித்தல். ஆர்வத்தால் வரும் குற்றம் அது. ஆனால் கற்பவர் அந்த இரண்டு பத்திகளைக் கடக்கும்போது தான் எந்தப் படியில் நின்றோம் என்பதையே மறந்துவிடுகிறார்.

இந்தச் சட்டகத்தைப் பிடித்துப்போன சில குழுக்கள் முதல் வேலையாக நான்கு கோப்புறைகளை உருவாக்கி, பழைய பக்கங்களை அவற்றுக்குள் பிரித்துப் போடுகின்றன. காலியான அறைகளைக் கட்டிவைத்துவிட்டு உள்ளடக்கத்துக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று புரோசிடாவே எச்சரிக்கிறார். ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, இதைத் திறப்பவர் இப்போது கற்கிறாரா, வேலை செய்கிறாரா என்று கேட்டு, அந்த ஒரு பக்கத்தைச் சீராக்குவது போதும். மறுநாள் இன்னொன்று. எனக்கு இந்தச் சட்டகத்தோடு ஒரு சிறு மனத்தாங்கலும் உண்டு. பிழைச்செய்தியைக் கண்டு பதறி வருபவருக்கு அதில் தனி இடம் இல்லை, அவரைச் செய்முறை வழிகாட்டியின் கீழே சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பதற்றத்தில் இருப்பவரின் தேவை தனித்தன்மை உடையது. பிழைச்செய்தியின் வாசகத்தை எழுத்து மாறாமல் தலைப்பாக வைத்த ஒரு பக்கம் அவருக்கு வேறெதைவிடவும் பயன்படும், ஏனென்றால் அவர் தேடுபொறியில் ஒட்டப்போவது அந்த வாசகத்தைத்தான்.

தேடல்தான் வாசல் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அச்சுக் கையேட்டுக்கு அட்டை இருந்தது, முதல் அத்தியாயம் இருந்தது. இப்போது யாரும் முகப்புப் பக்கத்தின் வழியாக வருவதில்லை. எந்தப் பக்கமும் ஒருவருக்கு முதல் பக்கமாக அமையலாம். அதனால் ஒவ்வொரு பக்கமும் தான் எதைப் பற்றியது, எந்தப் பதிப்புக்கு உரியது, தொடங்குமுன் என்ன தயாராக இருக்க வேண்டும் என்பதைத் தன் முதல் சில வரிகளிலேயே சொல்லிவிட வேண்டும். வலைத்தளங்களை மக்கள் பயன்படுத்தும் விதத்தை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 1997இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களில் 79 சதவீதத்தினர் புதிய பக்கத்தைக் கண்ணால் மேய்ந்தார்கள், 16 சதவீதத்தினர் மட்டுமே சொல்சொல்லாகப் படித்தார்கள். முதல் பத்தியை வரவேற்புரைக்குச் செலவிடும் பக்கம் அந்த மேய்தலிலேயே வாசகரை இழந்துவிடுகிறது.

வாக்கியத்துக்குள்

கட்டமைப்பைப் பற்றி எத்தனை பேசினாலும், கடைசியில் பயனர் தடுக்கி விழுவது ஒரு வாக்கியத்தில்தான். இந்த இடத்தில் ஆங்கில வழிகாட்டிகளை அப்படியே நகலெடுத்தால் தமிழில் எழுதுபவருக்குப் பாதிப் பயன்தான் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, கூகுள் நிறுவனம் 2017இல் பொதுவில் வைத்த ஆவண நடைக் கையேடு, நிபந்தனையை முதலில் சொல், செயலைப் பிறகு சொல் என்று அறிவுறுத்துகிறது. செயலைச் செய்து முடித்தபின் ‘இந்தச் சூழலில் மட்டும்’ என்று படிப்பதால் விளையும் சேதத்தைத் தவிர்ப்பதற்காக அப்படி. தமிழ் வாக்கியத்தில் வினை இறுதியில் வருவதால் இந்த நன்மை நமக்கு இயல்பாகவே கிடைக்கிறது. ‘கோப்பு பூட்டப்பட்டிருந்தால், அமைப்புகள் பக்கத்தில் உள்ள விடுவி என்னும் பொத்தானை அழுத்துங்கள்’ என்பதில் நிபந்தனை, இடம், பொருள், செயல் என்று பயனரின் கண் நகரும் வரிசையிலேயே சொற்கள் அமைந்துவிடுகின்றன.

ஆனால் அதே இயல்பு ஒரு பொறியாகவும் மாறும். வினையெச்சங்களைத் தொடுத்துக்கொண்டே போக நம் மொழி தாராளமாக இடம் தருகிறது. ‘கோப்புறையைத் திறந்து, விலக்க வேண்டிய கோப்புகளைத் தேர்ந்தெடுத்து, பட்டியலில் சேர்த்து, சேமித்து, மென்பொருளை மூடித் திறக்கவும்’ என்று எழுதும்போது ஐந்து படிகள் ஒரே வாக்கியத்தில் அடைபட்டுவிடுகின்றன. திரைக்கும் பக்கத்துக்கும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பவர், திரும்பி வரும்போது எந்தக் காற்புள்ளியில் விட்டோம் என்று தேட வேண்டியிருக்கிறது. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக 1980களில் உருவான எளிய தொழில்நுட்ப ஆங்கிலம் என்னும் தரநிலை, செயல்முறை வாக்கியத்துக்கு 20 சொற்களே உச்சவரம்பு என்றும் ஒரு வாக்கியத்தில் ஓர் அறிவுறுத்தல் மட்டுமே என்றும் விதிக்கிறது. தமிழில் ஒரு சொல்லே பல உருபுகளைச் சுமப்பதால் 20 என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதில் பொருள் இல்லை. ஒரு முற்றுவினைக்கு ஒரு செயல் என்று வைத்துக்கொண்டால் போதும்.

இதைவிட ஆபத்தானது செயப்பாட்டுவினை. ‘கடவுச்சொல் மாற்றப்பட வேண்டும்.’ யார் மாற்ற வேண்டும்? ‘பழைய கோப்புகள் நீக்கப்படும்.’ மென்பொருள் தானாக நீக்குமா, நான் நீக்க வேண்டுமா, நிர்வாகி நீக்குவாரா? எழுதியவருக்கு விடை தெரிந்திருப்பதால் கேள்வியே அவருக்குத் தோன்றுவதில்லை. அலுவல் கடிதங்களின் நடை ஆவணங்களுக்குள் ஊடுருவியதன் விளைவு இது. ‘நீங்கள் கடவுச்சொல்லை மாற்றுங்கள்’, ‘30 நாளான கோப்புகளை மென்பொருள் தானாக நீக்கிவிடும்’ என்று எழுவாயை வெளிப்படையாக நிறுத்தினால் மரியாதை குறைந்துவிடாது. பயனர் தன் பங்கு எது, இயந்திரத்தின் பங்கு எது என்று அறிந்துகொள்வார்.

சொல் தேர்விலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். நல்ல தமிழ்ச் சொற்களை விரும்புகிறவன் நான். ஆனால் திரையில் ‘செட்டிங்ஸ்’ என்று இருக்கும்போது ஆவணத்தில் ‘அமைப்புகள்’ என்று எழுதினால், பயனர் இல்லாத ஒரு பொத்தானைத் தேடுவார். மொழிமீது அக்கறை இருந்தால் திரையில் உள்ள சொல்லை மாற்றும்படி மென்பொருளை ஆக்கியவர்களிடம் வாதிட வேண்டும். அது மாறும்வரை ஆவணம் திரையோடு ஒத்திருக்க வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரே பெயர் என்பதும் அப்படியே. பள்ளிக் கட்டுரையில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தாதே என்று கற்றுக்கொண்டோம். ஆவணத்தில் முதல் பத்தியில் ‘கோப்புறை’, இரண்டாவதில் ‘அடைவு’, மூன்றாவதில் ‘உறை’ என்று எழுதினால் மூன்று வெவ்வேறு பொருள்கள் இருப்பதாகவே பயனர் நினைப்பார்.

எச்சரிக்கை, அது காக்க வேண்டிய படிக்கு முன்னால் வர வேண்டும். இதற்கு விளக்கம் தேவையில்லை. இருந்தும் ‘குறிப்பு: மேற்கண்ட கட்டளை எல்லாத் தரவையும் அழித்துவிடும்’ என்று கட்டளைக்குக் கீழே எழுதியிருக்கும் பக்கங்களை இன்றும் பார்க்கிறேன்.

பொய்யாகிப்போகும் பக்கங்கள்

எழுதிய நாளில் சரியாக இருந்த பக்கம் ஆறு மாதத்தில் பொய்யாகிவிடுகிறது. மென்பொருள் மாறிவிட்டது, பக்கம் மாறவில்லை. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2017இல் நடத்திய திறமூலக் கணக்கெடுப்பில், முழுமையற்ற அல்லது காலாவதியான ஆவணங்கள் பரவலான சிக்கல் என்று பதிலளித்தவர்களில் 93 சதவீதத்தினர் கூறினார்கள். பங்களிப்பாளர்களில் 60 சதவீதத்தினரோ, ஆவணங்களுக்குத் தாங்கள் அரிதாகவே பங்களிப்பதாகவோ பங்களிப்பதே இல்லை என்றோ கூறினார்கள். நோயும் காரணமும் அந்த இரண்டு எண்களிலேயே இருக்கின்றன.

ஆவணம் ஓரிடத்திலும் நிரல் வேறிடத்திலும் இருந்தவரை இது தீரவில்லை. நிரலாளர் மாற்றத்தைச் செய்துவிட்டுப் போய்விடுவார். எழுத்தாளருக்குச் செய்தி வந்து சேரும்போது பதிப்பு வெளியாகியிருக்கும். இன்றைய பதில், ஆவணத்தையும் நிரலைப் போலவே நடத்துவது. மார்க்டவுன் போன்ற எளிய உரைவடிவில் எழுதி, நிரல் இருக்கும் அதே கிட் களஞ்சியத்தில் (ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்யும் சேமிப்பிடத்தில்) வைத்து, நிரல் மாற்றத்தைச் சக நிரலாளர் பரிசீலிப்பதுபோலவே ஆவண மாற்றத்தையும் பரிசீலிக்கும் முறை இது. 2004இல் ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுனும், பைதான் நிரல்மொழியின் ஆவணங்களுக்காக உருவாகி 2008இல் வெளிவந்த ஸ்ஃபிங்ஸ் என்ற கருவியும் இதற்கு வழி அமைத்தன. 2013இல் முதல் மாநாட்டை நடத்திய ‘ரைட் தி டாக்ஸ்’ சமூகம் எழுத்தாளர்களையும் நிரலாளர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்தது.

இதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி, ஆவணத்தையே சோதனைக்கு உள்ளாக்குவது. பைதானில் 2001 முதல் டாக்டெஸ்ட் என்ற கூறு இருக்கிறது. ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டு நிரலை அது உண்மையிலேயே இயக்கி, அங்கே எழுதியிருக்கும் விடைதான் வருகிறதா என்று சரிபார்க்கிறது. ரஸ்ட் மொழியின் ஆவணக் கருவியும் எடுத்துக்காட்டுகளைச் சோதனைகளாக ஓட்டிப் பார்க்கிறது. எடுத்துக்காட்டு பொய்யானால் சோதனை தோற்கும், தோற்றால் வெளியீடு நிற்கும். சாதாரணப் பயனர்களுக்கான கையேட்டில் இதை அப்படியே செய்ய முடியாது. ஆனாலும் உடைந்த இணைப்புகளைத் தானாகக் கண்டுபிடிக்கலாம், திரையிலிருந்து மறைந்துபோன பொத்தான்களின் பெயர்கள் ஆவணத்தில் எஞ்சியிருக்கின்றனவா என்று தேடிப் பார்க்கலாம்.

ஸ்கிரீன்ஷாட்டுகள்தான் முதலில் மூப்படைகின்றன. ஒரு நிறம் மாறினால் நாற்பது படங்கள் பழையவையாகிவிடும். சொல்லால் காட்ட முடியாததற்கு மட்டும் படம் போதும். படம் இருந்தால் பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானுக்கு அதன் மாற்று உரையும் இருக்க வேண்டும்.

நேர்மை என்று வரும்போது நான் திரும்பிப் பார்ப்பது மிகப் பழைய ஓர் ஆவணத்தை. யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் நிரலாளர் கையேட்டின் முதல் பதிப்பு 1971 நவம்பர் 3ஆம் தேதியிட்டது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதியது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே வரிசையில் தலைப்புகள். அந்தத் தலைப்புகளில் ஒன்று ‘பிழைகள்’. கட்டளையில் தங்களுக்குத் தெரிந்த குறைபாடுகளை ஆக்கியவர்களே அங்கே எழுதிவைத்தார்கள். இன்றைய ஆவணங்கள் பலவற்றில் அந்தத் தலைப்பு இல்லை. விளம்பரத்துக்கும் ஆவணத்துக்கும் இடையிலிருந்த சுவர் மெலிந்துவிட்டதே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘இந்த மென்பொருள் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை மீட்கும்போது தடுமாறுகிறது, அடுத்த பதிப்பில் சரிசெய்வோம், அதுவரை கோப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதிய ஒரு வரி, ஒரு பயனரின் முழு இரவைக் காப்பாற்றும். அப்படி எழுதிய ஆவணத்தின் மற்ற வரிகளையும் அவர் நம்புவார்.

இன்னொன்றையும் நேர்மையோடு சேர்த்துக்கொள்ளலாம். ஒரு பொத்தானின் பெயர் குழப்பமாக இருப்பதை விளக்க மூன்று பத்திகள் எழுத நேர்ந்தால், எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தப் பெயரை மாற்றச் சொல்வதுதான் எழுத்தாளரின் வேலை. மென்பொருளின் ஒவ்வொரு மூலையையும் அந்நியக் கண்ணோடு பார்க்கும் முதல் ஆள் அவர். பயனர்கள் மிகுதியாகப் படிக்கும் ஆவணம் பிழைச்செய்திகள்தான் என்பதால், அவற்றை எழுதும் பொறுப்பிலும் அவருக்குப் பங்கு இருக்க வேண்டும். ‘பிழை 1043’ என்பதை ‘வட்டில் இடம் இல்லை. குறைந்தது 2 ஜிகாபைட் காலி செய்தபின் மீண்டும் முயலுங்கள்’ என்று மாற்றினால், 1043க்கான உதவிப் பக்கமே தேவைப்படாது.

இயந்திரமும் படிக்கும்போது

கடந்த சில ஆண்டுகளில் ஆவணங்களுக்குப் புதியதொரு வாசகர் வந்திருக்கிறார். பயனர் தன் கேள்வியைச் செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் கேட்கிறார். அது ஆவணத்தின் பொருத்தமான பகுதிகளைத் தேடியெடுத்து, அவற்றிலிருந்து பதிலை உருவாக்குகிறது. அப்படித் தேடும்போது பக்கம் சிறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. ‘மேலே சொன்னதுபோல’ என்று தொடங்கும் பத்தி அந்த வெட்டில் அநாதையாகிவிடும். தன் பொருளைத் தானே முழுமையாகச் சொல்லும் பத்தி பிழைக்கும். எந்தப் பக்கமும் முதல் பக்கமாகலாம் என்று மனித வாசகருக்காகக் கற்றுக்கொண்ட ஒழுக்கம், இங்கே பத்தி அளவுக்கு இறங்கி வருகிறது. 2024இல் ஜெரமி ஹோவர்ட், இத்தகைய உதவியாளர்களை இயக்கும் மொழி மாதிரிகள் எளிதாகப் படிப்பதற்கென்று இணையதளத்தின் வேர்க் கோப்புறையில் ஓர் எளிய உரைக்கோப்பை வைக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தார். பல மென்பொருள் ஆவணத் தளங்கள் அதைப் பின்பற்றத் தொடங்கியுள்ளன.

ஆவணத்தை எழுதும் பணியையே இயந்திரத்திடம் ஒப்படைக்கலாமா என்பது அடுத்த கேள்வி. நிரலைக் கொடுத்தால் ஒவ்வொரு அமைப்பையும் விவரிக்கும் பக்கங்களை அது சில நிமிடங்களில் எழுதித் தருகிறது. உசாத்துணையின் முதல் வரைவுக்கு இது உண்மையான உதவி, சரிபார்க்க ஒருவர் இருந்தால். ஆனால் நிரலைப் பார்த்து எழுதுவது என்பது திரையைப் பார்த்து எழுதுவதன் உறவுக்காரன். பன்னிரண்டு பொத்தான்களுக்கு ஆறு பக்கங்கள் எழுதிய அதே வேலையை இன்னும் வேகமாகச் செய்ய முடிகிறது என்பதுதான் மாற்றம். வன்தட்டு பழுதான இரவில் ஒருவர் எதைக் கேட்பார் என்பது நிரலில் எழுதப்பட்டிருக்கவில்லை. அது உதவிக் குழுவுக்கு வந்த கடிதங்களில் இருக்கிறது, ஆவணத் தளத்தின் தேடுபெட்டியில் தட்டச்சிடப்பட்டு ஒரு விடையும் தராத சொற்களில் இருக்கிறது. ஒரு பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கைவிட, இந்த விடையற்ற தேடல்களின் பட்டியல் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட அதிகம் கற்றுக்கொடுப்பது, கரோலின் குழு செய்ததுபோல ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. நான் எழுதிய மீட்பு வழிகாட்டி ஒன்றை, அந்த மென்பொருளை அறியாத ஒருவரிடம் கொடுத்து, எந்த உதவியும் செய்யாமல் கவனித்தேன். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அதில் கடினம். முதல் மூன்று படிகளைத் தயக்கமின்றிச் செய்தார். நான்காவது படியில் நின்றுவிட்டார். திரையை மேலும் கீழும் உருட்டினார், பக்கத்தை மறுபடி படித்தார், இரண்டு நிமிடங்கள் கழித்து ஏதோ ஒன்றைத் தவறவிட்டோம் என்று எண்ணி முதல் படிக்கே திரும்பினார். ‘கோப்புறையைத் தேர்ந்தெடுத்துத் தொடருங்கள்’ என்று எழுதியிருந்தேன். அவர் ‘தொடர்’ என்ற பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார். திரையில் இருந்த பொத்தானின் பெயர் ‘அடுத்து’.